2147483647-ஐ உரசிப் பார்த்த குறிப்புகள்

நிரலின் கடைசி வரியில் 0 வந்துவிட்டது. 29 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுத்த பிறகு கிடைத்த 0 அது. ஆகவே 2^31 − 1, அதாவது 2147483647, பகா எண். கணித மேதை ஆய்லர் 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்ட செய்திதான். ஆனால் அதே நிரல் அதற்கு முன்பு இதே எண்ணைப் பகு எண் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் சொன்னது, எதைத் திருத்தியதும் சரியானது என்பதை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். கீழே 'ப' என்று வரும் இடமெல்லாம் 2147483647.

செய்ய நினைத்தது ஒரு சிறு கணக்குப் பெட்டி. ப பகா எண்தானா என்று சோதிக்க வேண்டும், அதன் மட்டில் (அதாவது ப-ஆல் வகுத்த மீதியை மட்டும் கணக்கில் கொண்டு) எல்லா எண்களையும் ஒரு சுற்று தொட்டு வரும் பெருக்கியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை வைத்து எதேச்சை எண்கள் எடுக்க வேண்டும், வர்க்கமூலம் காண வேண்டும். கருவிகள்: ஒரு சி கம்பைலர், விடை சரிபார்க்க மட்டும் பைதான், கட்டம் போட்ட நோட்டு ஒன்று. பைதானில் முழு எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது, அதனால் நடுவராக அது நல்லது. வேலையை அதிலேயே முடித்திருக்கலாம். ஆனால் பிட் அளவில் இந்த எண் எப்படி நடந்துகொள்கிறது என்பது அங்கே தெரியாது.

முதலில் விரிதாளில் முயன்றது வீண். லூக்கா–லெமர் சோதனை 4-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி 2 கழித்து, ப-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டு போகும்; கடைசியில் 0 வந்தால் ப பகா எண், வராவிட்டால் பகு எண். 4, 14, 194, 37634, 1416317954 வரை பழுதில்லை. அடுத்த வர்க்கம் 2005956546822746116, 19 இலக்கம். விரிதாள் காட்டுவது 15 இலக்கம்தான். உள்ளே இருக்கும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணும் 2^53 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியாகப் பிடிக்கும். இந்த அளவில் பக்கத்துப் பக்கத்து மிதவை எண்களுக்கு நடுவே 256 இடைவெளி. மீதி கேட்கும் கணக்கில் கடைசி இலக்கமே போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்? நோட்டில் நீளப் பெருக்கல் போட்டுப் பார்த்தால் சரியான மீதி 669670838. விரிதாளை அத்துடன் மூடியாயிற்று.

வகுத்துப் பார்த்தல்

அடுத்தது நேர்வழி: ப-இன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது. 46340-இன் வர்க்கம் 2147395600, ப-ஐவிடக் குறைவு. 46341-இன் வர்க்கம் 2147488281, ப-ஐத் தாண்டிவிடுகிறது. ஆக எல்லை 46340. அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையும் தேவையில்லை. அடுக்கு 31 பகா எண் என்பதால் 2^31 − 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 62-ஆல் வகுத்தால் 1 மீதி தர வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் 248-இன் மடங்கோடு 1, அல்லது 248-இன் மடங்கோடு 63 என்ற வடிவம் மட்டும் மிஞ்சும். முதல் வகையில் 249 தொடங்கி 46129 வரை 186 எண்கள். இரண்டாம் வகையில் 63 தொடங்கி 46191 வரை 187. 63 தானே 3-இன் மடங்கு, அதை எடுத்துவிட்டால் மொத்தம் 372 வகுத்தல்கள். கையால் செய்யக்கூடிய அளவுதான். நோட்டில் முதல் சிலவற்றைப் போட்டேன்: 249-இல் 3 ஒளிந்திருக்கிறது, விடு, 311 பகா எண், அதனால் வகுத்தால் மீதி 35, 497-இல் 7, 559-இல் 13. இப்படிக் கழித்துக்கொண்டே போகலாம்.

இதை நிரலாக்கியபோதுதான் முதல் பெரிய தவறு. "வகுத்தியின் வர்க்கம் ப-ஐத் தாண்டாத வரை ஓடு" என்று சுழலுக்கு நிபந்தனை வைத்தேன், எல்லா மாறிகளும் 32 பிட் குறியுடைய முழு எண்கள். அந்த வகை பிடிக்கும் மிகப் பெரிய எண்ணே 2147483647தான்! எந்த வர்க்கம் வந்தாலும், அது நிரம்பி வழிந்து எதிர்மமாக மாறினாலும், ப-ஐவிடப் பெரிதாக ஆகவே முடியாது. நிபந்தனை என்றும் உண்மை. சுழல் 46340-இல் நிற்காமல் ஓடியது. கடைசியில் "காரணி: 2147483647" என்று அச்சிட்டு, பகு எண் என்று தீர்ப்பு சொன்னது. ப-உம் 248-இன் மடங்கோடு 63 என்ற வடிவம்தான் (248 × 8659208 + 63), ஆகவே சுழல் தன் வழியிலேயே ப-ஐப் போய்ச் சேர்ந்து, அதை அதனாலேயே வகுத்திருக்கிறது. குறியுடைய எண் வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழியின் விதி எதுவும் உறுதி தருவதில்லை. வேறு கம்பைலரில், வேறு மேம்படுத்தல் நிலையில், வேறு விதமாகத் தவறலாம். திருத்தம் ஒரு வரிதான்: வர்க்கத்தை ப-உடன் ஒப்பிடாமல், வகுத்தியை (ப ÷ வகுத்தி)-உடன் ஒப்பிடுவது. அதன்பின் 372 வகுத்தலில் ஒன்றுகூடச் சரியாகப் போகவில்லை. ப பகா எண்.

வகுத்தல் நிரலைச் சோதிக்கப் பகு எண்களும் வேண்டும். 2^11 − 1 = 2047 = 23 × 89, 2^23 − 1 = 8388607 = 47 × 178481, 2^29 − 1 = 536870911 = 233 × 1103 × 2089. மூன்றிலும் அடுக்கு பகா எண், ஆனாலும் விடை பகு எண். இந்த மூன்றும் காரணி காட்டாவிட்டால் நிரலை நம்பக் கூடாது. (248 என்ற வடிவம் அடுக்கு 31-க்கு மட்டும் பொருந்தும், மற்ற அடுக்குகளுக்கு அடுக்கின் இரு மடங்கில் ஏறிப் போக வேண்டும்.)

மடித்தல்

இப்போது லூக்கா–லெமர். ப-ஆல் வகுத்து மீதி எடுக்க வகுத்தலே வேண்டாம் என்பதுதான் இந்த எண்ணின் அழகு. 2^31-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே ஒரு பெரிய எண்ணின் கீழ் 31 பிட்டை ஒரு பக்கமும், மேலே மிஞ்சியதை 31 இடம் வலப்புறம் தள்ளி இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டையும் கூட்டினால் மீதி அப்படியே இருக்கும். இதை மடித்தல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டால் பெருக்கி மடிப்பது என்றால் 31 பிட்டை ஒரு இடம் சுழற்றுவது, வேறொன்றுமில்லை. 31 தடவை சுழற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ப − 1 வரையுள்ள எண்ணின் வர்க்கம் 2^62-க்குள் அடங்கும், 64 பிட் குறியற்ற எண்ணில் தாராளமாக இடமிருக்கிறது. மடித்த கூட்டுத்தொகை 2^32-க்குள் நிற்கும். ப-ஐத் தாண்டினால் ஒரு முறை ப-ஐக் கழித்தால் போதும். நான் எழுதியது: "ப-ஐவிடப் பெரிதானால் கழி". ஓட்டினேன். கடைசி விடை 0 அல்ல, 2147483647. நிரல் 0-ஐத் தேடியது, கிடைக்கவில்லை, பகு எண் என்றது.

கடைசி மூன்று படிகளை நோட்டில் போட்டபோது விஷயம் புரிந்தது. வரிசை 211987665, 1181536708, 65536 என்று முடிகிறது. 65536 என்பது 2^16. அதன் வர்க்கம் 2^32. 2 கழித்தால் 4294967294, அதாவது சரியாக 2 × ப. இதை மடித்தால் கீழ்ப்பகுதி 2147483646, மேல்பகுதி 1, கூட்டினால் 2147483647. மடித்தல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் இந்த மட்டில் 0-க்கு இரண்டு முகம்: எல்லா பிட்டும் 0 ஆன முகம், எல்லா பிட்டும் 1 ஆன முகம். மடித்தல் இரண்டாவது முகத்தை ஒருபோதும் முதலாவதாக மாற்றாது. நாம்தான் மாற்ற வேண்டும். "பெரிதானால்" என்பதை "பெரிதாகவோ சமமாகவோ இருந்தால்" என்று மாற்றியதும் 0 வந்தது. ஒரே ஒரு சமக்குறி.

அதோடு 2 கழிப்பதையும் மாற்றினேன். குறியற்ற எண்ணில் 0-இலிருந்து 2 கழித்தால் 18446744073709551614 ஆகிவிடும். கழிப்பதற்குப் பதில் ப − 2-ஐக் கூட்டி, பிறகு மடிப்பதே பாதுகாப்பு. இடமும் போதும், ஒரு கழித்தலும் போதும்.

சுற்று எண்ணிக்கையில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கண்டுபிடிக்க இந்த வரிசையே உதவுகிறது. தேவை 31 − 2 = 29 வர்க்கங்கள். முடிவில் 65536 நின்றால் ஒரு சுற்று குறைவு. 2147483645 நின்றால் ஒரு சுற்று அதிகம். 0-க்கு அடுத்தது −2. வெறும் 2 நின்றால் இரண்டோ அதற்கு மேலோ அதிகம். 2-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் திரும்பவும் 2, அங்கேயே நின்றுவிடும். அடுக்கு 11-க்கு இதே நிரல் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று ஓடி 1736-இல் முடிய வேண்டும். 0 இல்லை, ஆகவே 2047 பகு எண்.

372 வகுத்தல் எங்கே, 29 வர்க்கம் எங்கே!

முழுச் சுற்று

அடுத்த வேலை: எந்த எண்ணை மீண்டும் மீண்டும் பெருக்கினால் 1 முதல் ப − 1 வரை ஒன்றுவிடாமல் தொட்டு வருவோம்? புத்தகங்கள் இதைப் பிரிமிட்டிவ் ரூட் என்று சொல்லும். இதற்கு ப − 1-இன் காரணிகள் தேவை. நல்லவேளையாக அவை சிறியவை:

2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331

வெவ்வேறு பகா காரணிகள் ஏழு. சோதிக்கும் எண்ணை (ப − 1)-ஐ அந்த ஏழாலும் வகுத்துக் கிடைக்கும் அடுக்குகளுக்கு உயர்த்த வேண்டும்: 1073741823, 715827882, 306783378, 195225786, 69273666, 14221746, 6487866. ஏழில் ஒன்றிலாவது 1 வந்தால் சுற்று பாதியிலோ மூன்றில் ஒன்றிலோ அறுந்துவிடும்.

இங்கே அவசரப்பட்டுவிட்டேன். 3-ஐ எடுத்து முதல் அடுக்கை மட்டும் போட்டேன். 2147483646, அதாவது −1 வந்தது. சரியென்று 3-ஐயே வைத்துக்கொண்டேன். ஆனால் 3-ஐ 715827882 அடுக்குக்கு உயர்த்தினால் 1 வருகிறது. 3 இந்த மட்டில் ஒரு கன எண் (ஏதோ ஓர் எண்ணின் கனத்தை ப-ஆல் வகுத்தால் வரும் மீதி), ஆகவே அதன் சுற்று மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. தனி வழியிலும் இதைச் சரிபார்க்கலாம்: ப = 46162² + 3 × 2349², அந்த 2349-உம் 3-இன் மடங்கு, 9-இன் மடங்கும்கூட. இந்த அமைப்பு இருந்தால் 3 கன எண்ணாகத்தான் இருக்கும். 2-இன் சுற்றோ வெறும் 31. 6 என்பது 2-உம் 3-உம் பெருக்கியது; இரண்டுமே கன எண்கள் என்பதால் அதுவும் தேறாது. 5-உம் தேறவில்லை. ஏழு சோதனையிலும் தேறிய முதல் எண் 7.

7 மிகச் சிறியது. எதேச்சை எண் எடுக்க உதவாது. அதன் ஐந்தாம் அடுக்கு 16807. 5 என்ற அடுக்குக்கும் ப − 1-க்கும் பொதுக் காரணி இல்லாததால் 16807-உம் முழுச் சுற்று ஓடும். இப்படி முழுச் சுற்று ஓடும் பெருக்கிகள் மொத்தம் 534600000. ஏறக்குறைய நாலில் ஒன்று. ஆகவே கிடைப்பது அரிதல்ல, நல்லதைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம்.

எதேச்சை எண்கள்

பெருக்கி மீதி எடுக்கும் இந்த முறையை முன்வைத்தவர் டி. எச். லெமர். ப-ஐ மட்டாகவும் 16807-ஐப் பெருக்கியாகவும் கொண்ட வடிவத்தை, எங்கும் கிடைக்க வேண்டிய குறைந்தபட்சத் தரமாக 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் பரிந்துரைத்தார்கள். பின்னர் 16807-க்குப் பதில் 48271 மேல் என்றும் சொன்னார்கள்.

64 பிட் பெருக்கல் இல்லாத சிறு சில்லுகளுக்கு ஷ்ராகே முறை உண்டு. ப-ஐ 16807-ஆல் வகுத்தால் ஈவு 127773, மீதி 2836. இப்போதைய எண்ணை 127773-ஆல் வகுத்து, மீதியை 16807-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஈவு × 2836-ஐக் கழிக்க வேண்டும். 0-ஓ எதிர்மமோ வந்தால் ப-ஐக் கூட்ட வேண்டும். 32 பிட்டைத் தாண்டாமல் முடியும். 48271-க்கு அதே மாறிலிகள் 44488, 3399.

இந்த மாறிலிகளைத் தட்டச்சிடும்போது இலக்கம் இடம் மாறுவது எளிதில் நடக்கும் பிழை, கண்ணுக்கும் அகப்படாது. 2836-க்குப் பதில் 2863 என்று போட்டுப் பார்த்தேன். 1-இல் தொடங்கினால் முதல் விடை 16807, இரண்டாவது 282475249, இரண்டும் சரி. 127773-ஐ எட்டாத எண்ணுக்கு ஈவு 0, ஆகவே தவறான மாறிலி வேலைக்கே வருவதில்லை. மூன்றாவதில்தான் 1622650073 வர வேண்டிய இடத்தில் 1622590403 வருகிறது. 27 × 2210 = 59670 குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். அதனால் முதல் சில எண்களை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. 1-இல் தொடங்கி 10000-ஆவது எண் 1043618065 வர வேண்டும்; 48271-க்கு 399268537. இந்த இரண்டு எண்களும் கைவசம் இருந்தால் போதும்.

தொடக்க எண்ணாக 0 கொடுத்தால் கடைசிவரை 0தான். ப-ஐக் கொடுத்தால் ஷ்ராகே முறை ப-இலேயே சிக்கிக்கொள்ளும்: ஈவு 16807, மீதி 2836, கழித்தால் 0, ப-ஐக் கூட்டினால் மறுபடி ப. மடித்தல் முறையோ 0-க்குப் போய்விடும். மறுபடியும் அந்த இரண்டு முகம். தொடக்க எண் 1-க்கும் ப − 1-க்கும் நடுவே இருக்கிறதா என்று நுழைவாயிலிலேயே பார்த்துவிட வேண்டும்.

பின்னோக்கி ஓட்டவும் முடியும். 16807 × 1407677000 = 23658827339000; ப × 11017-ஐவிட இது 1 அதிகம். ஆகவே 1407677000-ஆல் பெருக்கினால் ஒரு படி பின்னால் போகும். 10000 படி முன்னால், 10000 படி பின்னால், 1-க்குத் திரும்பினால் சரி. இதை ஷ்ராகே முறையில் செய்ய முயன்றது இன்னொரு தவறு. அந்த முறைக்கு மீதி ஈவைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இங்கே ஈவு 1, மீதி 739806647. பின்னோட்டத்துக்கு மடித்தல்தான்.

பின்னோக்கி இவ்வளவு எளிதாகப் போக முடிகிறது என்பதே ரகசியக் குறியீட்டு வேலைக்கு இதைத் தொடக் கூடாது என்பதற்குச் சான்று. ஒரே ஒரு எண் தெரிந்தால் முன்னும் பின்னும் எல்லாம் தெரிந்துவிடும். மேலும் சிறிய எண்ணுக்கு அடுத்து வருவது அதன் 16807 மடங்கு, அவ்வளவே; ப-ஐத் தாண்டும் வரை சுருளாது.

வர்க்கமூலம்

ப-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. இப்படிப்பட்ட பகா எண்ணில் வர்க்கமூலம் காண (ப + 1) ÷ 4 அடுக்குக்கு உயர்த்தினால் போதும். இங்கே அது 2^29. அதாவது எண்ணை 29 முறை வர்க்கப்படுத்தினால் அதன் வர்க்கமூலம் கிடைக்கும்! இந்த எண்ணோடு பழகியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2-ஐப் போட்டால் 65536 வருகிறது. வர்க்கப்படுத்தினால் 2^32, மடித்தால் 2.

9-ஐப் போட்டால் 3 வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது 2147483644. பிழை தேடி நேரம் போனது. பிழை இல்லை: அது −3. 3 இந்த மட்டில் வர்க்க எண் அல்ல, −3 வர்க்க எண்; இந்த வழி எப்போதும் தானே வர்க்க எண்ணாக உள்ள மூலத்தைத்தான் தரும். ஆனால் 3-ஐயே போட்டால் ஏதோ ஒரு எண் வரும், அதை வர்க்கப்படுத்தினால் 3 அல்ல, 2147483644 வரும். வர்க்கமூலமே இல்லாத எண்ணுக்கும் நிரல் வாய்மூடி ஒரு விடை தரும் என்பதால், வந்ததை வர்க்கப்படுத்திப் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது.

மறுபடி தொடங்கினால் நிரலின் முதல் வரி எழுதும் முன்பே 0, 1, ப − 1, ப, 2ப என்ற ஐந்து எண்களுக்கும் மடித்தலும் அதன்பின் வரும் கழித்தலும் என்ன தர வேண்டும் என்று அட்டவணை போட்டுவிடுவேன்: 0, 1, ப − 1, 0, 0. ப − 1-இன் வர்க்கம் 1 ஆக வேண்டும். மேலே சொன்ன தவறுகளில் இரண்டு இந்த ஒரு அட்டவணையில் அகப்பட்டிருக்கும். எல்லா மாறியையும் முதலிலிருந்தே 64 பிட் குறியற்றதாக வைப்பேன். அடுத்த எண் 2^61 − 1 = 2305843009213693951; மடிப்பு அதே, ஆனால் பெருக்கலுக்கு 128 பிட் இடம் வேண்டும், தேவையான வர்க்கங்கள் 59.